ஏரிக்குக் கீழே கூடாரம் வேண்டாம்

திருவையாறு,
ஆனி 25

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியம் ஒரு வரியில் வந்தால்கூடப் போதும். கேட்டால் சிக்னல் இல்லை என்பாய். அதனால்தான் லடாக்கில் உன் லே முகவரிக்குக் கடிதம். பனியாற்று ஏரியை அளக்கக் கியாவுக்குக் கிளம்புவதற்கு முன் கைக்கு வந்தால் இரண்டு தரம் படி.

கும்பகோணத்துக்காரர்கள் விஷயமாக இதில் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அம்மாவையும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணை தாண்டியாயிற்று. குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறோம். மீதி ஊர்ச் செய்தியை அம்மா எழுதுவாள். எனக்கு நீ கடைசியாக அனுப்பிய படம்தான் உறுத்துகிறது. அதில் ஓடையோரமாக, மொரைன் கரைக்கு, அதாவது பனியாறு கொட்டிக் குவித்த மேட்டுக்கு, நேர் கீழே ஒரு நீலக் கூடாரம் தெரிகிறது. உன்னுடையதா, வேறு யாருடையதா என்று தெரியவில்லை. யாருடையதானாலும் அந்த இடத்தில் கூடாது.

பனியைப் பற்றி நீ படித்தவள். கரையைப் பற்றி நான் சொன்னால் கேட்டுக்கொள். நம் பக்கத்துக் கரை, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, நனைத்து, திமிசு போட்டு இறுக்கி எழுப்பியது. அப்படியும் வருஷா வருஷம் ஆள் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீ அளக்கப்போகிற ஏரியின் கரையை யாரும் கட்டவில்லை. பனியாறு உருட்டிக்கொண்டு வந்த பாறை, சரளை, மாவாக அரைத்த மண் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டுப் பின்வாங்கியிருக்கிறது. அந்தக் குவியலுக்குள் பழைய பனிக்கட்டியும் புதைந்து கிடக்கும். அது உருக உருக உள்ளே பொந்து விழும். 2014 ஆகஸ்டில் கியாவுக்கு மேலே நடந்தது அதுதானே? கரை மேலே அப்படியே நின்றது. உள்ளே பனி உருகிக் குடைந்த வழியாக ஏரித் தண்ணீர் இறங்கி, கீழே பாலத்தையும் வயலையும் அடித்துக்கொண்டு போனது. நம் ஆற்றங்கரை நண்டு வளையால் போவது மாதிரியேதான். பார்க்கிறவனுக்குக் கடைசி நிமிஷம் வரை கரை நன்றாகத்தான் தெரியும்.

ஆகவே முதலில் கரையின் அடிவாரத்தைப் பார். கசிவு இருப்பது தப்பில்லை, எல்லாக் கரையும் கசியும். தெளிந்து கசிந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது. கலங்கிக் கசிந்தால் உள்ளே இருந்து மண் வருகிறது, கரை கரைகிறது என்று அர்த்தம். அங்கே ஒரு சிக்கல், பனியாற்றுத் தண்ணீரே பால் நிறத்தில்தான் இருக்கும், கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. தினமும் ஒரே இடத்தில், ஒரே மணிக்கு, ஒரே அளவு பாட்டிலில் பிடித்து அசையாமல் வை. மறுநாள் அடியில் தங்கிய வண்டலின் உயரத்தைக் கோடு போட்டுக் குறித்துக்கொள். ஏரி மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் கூடினாலோ, வண்டல் திடீரென்று தடித்தாலோ, நேற்று இல்லாத இடத்தில் இன்று ஊற்று கிளம்பினாலோ, யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே. கரைமேல் நீளவாட்டில் வெடிப்பு, கிண்ணம் போல உள்வாங்கின பள்ளம், இவையும் அதே சேதிதான்.

இரண்டாவது, ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் சந்தோஷப்படாதே. மேலே எங்கோ அடைத்திருக்கலாம். அடைத்தது உடைந்து வரும்போது மொத்தமாக வரும். அப்போது பள்ளத்தாக்கு வழியாகக் கீழே ஓடாதே, அது உன்னைவிட வேகமாக ஓடும். பக்கவாட்டில் மேடேறு. கூடாரத்தைப் போடும்போதே ஏறுகிற வழியை ஒரு தரம் நடந்து பார்த்துவிடு. இருட்டிலும் ஏற முடிகிற வழியாக இருக்க வேண்டும். ஓடை விரிந்து சரளை பரப்பின இடம் சமமாக, கூடாரத்துக்கென்றே செய்தது போல இருக்கும். பழைய வெள்ளம் வந்து பரப்பினதால்தான் அது சமமாக இருக்கிறது. அங்கே வேண்டாம். பக்கத்துப் பாறைத் திட்டில், கல் முகடாக நிற்கிற இடத்தில் போடு. முதுகு வலித்தால் வலிக்கட்டும்.

மூன்றாவது, ஏரிக்கு மேலே என்ன தொங்குகிறது என்று பார். கரை நல்லதாக இருந்தாலும் மலைச்சரிவோ பனிப்பாளமோ ஏரிக்குள் விழுந்தால் அலை கரை தாண்டும். 2023 அக்டோபர் 3 இரவு சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரியில் பக்கவாட்டு மொரைன் சரிந்து விழுந்துதான் அந்த நாசம். சுங்தாங்கில் 1,200 மெகாவாட் திட்டத்தின் அணையே போய்விட்டது. அதே ஏரியில் 2016-ல் குழாய் போட்டுத் தண்ணீரை இறக்கப் பார்த்திருந்தார்கள். ஏரி பெரியது, குழாய் சின்னது. நேபாளத்தில் செய்த வேலைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மொரைனில் வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து, த்ஸோ ரோல்பா ஏரியில் 2000-ல் 3 மீட்டரும், இம்ஜா ஏரியில் 2016-ல் 3.4 மீட்டரும் மட்டத்தைக் குறைத்தார்கள். உன் அறிக்கையில் மதகைப் பற்றி எழுதும்போது, அதற்கு எண்ணெய் போடப்போவது யார் என்றும் ஒரு வரி எழுது. த்ஸோ ரோல்பாவுக்குக் கீழே வைத்த எச்சரிக்கை சைரன்கள் சில வருஷத்திலேயே கவனிப்பாரில்லாமல் போயின.

சித்தப்பா போன வாரம் வந்திருந்தார். "பனியை அளக்கறதுக்கு ஒரு சம்பளமா, அங்க யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்றார். இவருக்கு எப்போதும் இப்படி ஒரு கேள்வி. நான் விடவில்லை. லேயில் வருஷத்துக்குச் சுமார் 100 மி.மீ. மழைதான், நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் சில நாளிலேயே அது கொட்டிவிடும், அப்படியிருந்தும் அங்கே பார்லி விளைகிறது, ஆப்ரிகாட் காய்க்கிறது, எப்படி என்று கேட்டேன். முழித்தார். குளிர்காலத்தில் விழுந்ததை மலை பிடித்து வைத்து, வெயில் ஏறும்போது, வயல் கேட்கும்போது விடுகிறது. நம் காவிரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தலைக்காவிரியில் பனி கிடையாது. குடகில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் மேட்டூரின் 93.47 டி.எம்.சி.யை நம்பி உட்கார வேண்டியதுதான், அதுவும் நிரம்பியிருந்தால்.

அந்தத் தண்ணீரை அவர்கள் பங்கிடுகிறதையும் சொன்னேன். ஊர் சேர்ந்து சுர்போன் என்று ஒருவரை வைக்கிறது. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்பது அவர் வாக்கு. மத்தியானம் மேலே உருகுவது ஊருக்கு வந்து சேர சாயங்காலமாகிவிடும். ராத்திரித் தண்ணீரைச் சிங் என்ற குளத்தில் தேக்கி, காலையில் அடைப்பை எடுத்துப் பாய்ச்சுகிறார்கள். கடைமடைக்காரன் கண்ணீர் அங்கேயும் உண்டு என்று நீ எழுதியிருந்தாய், அதையும் சொன்னேன்.

அவர்களுக்கு உள்ள குறை நேரக் குறை. பார்லி விதைப்பதற்கு ஏப்ரல், மே மாதம் தண்ணீர் வேண்டும். உயரத்தில் உள்ள பனியாறு ஜூனில்தான் தாராளமாக உருகும். இதற்குத்தான் செவாங் நோர்பெல் வழி கண்டார். அங்கே ஊரக வளர்ச்சித் துறையில் இன்ஜினியராக இருந்தவர், 2015-ல் பத்மஸ்ரீ. குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடையை, வெயில் படாத சரிவுக்குத் திருப்பி, வரிசையாகக் கல் தடுப்பு வைத்து, வேகத்தைக் குறைத்து, மெல்லிசாகப் பரப்பி உறைய விடுவது. ஊருக்குப் பக்கத்தில், தாழ்வில் இருப்பதால் விதைப்புக்கு முன்னாலேயே உருகும். லடாக் இன்ஜினியர் சோனம் வாங்சுக் செய்த பனி ஸ்தூபியில் மோட்டாரே கிடையாது. மேட்டிலிருந்து புதைத்த குழாயில் வரும் தண்ணீர், தன் அழுத்தத்திலேயே நிமிர்ந்த குழாய் வழியாகப் பீய்ச்சி, இரவுக் குளிரில் விழும்போதே உறைந்து கூம்பாக வளர்கிறது. கூம்பானால் கொள்ளளவுக்கு வெயில் படும் பரப்பு குறைவு, சீக்கிரம் கரையாது. குழாயில் ஓட்டம் நின்றால் மட்டும் ஆபத்து. நின்ற தண்ணீர் உறைந்து, பெருத்து, குழாயைப் பிளந்துவிடும். அதனால் ராத்திரி ஆள் விழித்திருக்க வேண்டும். இது எல்லா நீர்ப்பாசனத்துக்கும் பொது.

காஷ்மீரில் பாம்பூர்க் குங்குமப்பூ விளைகிற கரேவா மேடுகூடப் பழைய ஏரி வண்டலும் பனியாற்று மண்ணும் சேர்ந்தது, சுவிட்சர்லாந்தில் பாதி மின்சாரத்துக்கு மேல் தண்ணீரிலிருந்துதான், என்றெல்லாம் அடுக்கினேன். அவர் காபியைக் குடித்துவிட்டு, "பொண்ணு கல்யாணத்தப் பத்திப் பேசுடா" என்றார். நான் பேசவில்லை. இதிலும் பேசவில்லை.

ஒன்றை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார், பனிமலைக்கும் நம் ஊருக்கும் சம்பந்தம் உண்டு என்று. ஆடி அமாவாசை வருகிறது. கயிலாயம் போகப் புறப்பட்ட அப்பர், கால் தேய்ந்து, கை தேய்ந்து, உருண்டும் போக முடியாமல், அங்கே ஒரு பொய்கையில் முங்கி இங்கே நம் குளத்தில் எழுந்து கயிலைக் காட்சி கண்டார். பனிமலையைப் பார்க்காதவர்களும் வருஷம் தவறாமல் அன்றைக்கு இங்கே கூடுகிறார்கள். பெரு நாட்டில் கோய்யூர் ரித்தி என்ற திருவிழாவில் பனியாற்றிலிருந்து கட்டி வெட்டிப் பிரசாதமாகச் சுமந்து இறங்குவார்களாம். பனி குறைந்துபோனதால் அதை அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். சாமியை நம்புகிறவன்தான் அங்கே கணக்கும் சரியாகப் பார்த்திருக்கிறான். வித்தியாசமான ஊர்.

உன் லடாக்கு ஏரிகளில் குஞ்சு பொரிக்கிற வரித்தலை வாத்து, குளிருக்கு நம் பக்கத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்கு வந்துவிடுகிறது. இமயமலையைத் தாண்டி வருகிற வாத்துக்கு லீவு கிடைக்கிறது. லேயிலிருந்து டெல்லி வழியாகத் திருச்சிக்கு விமானம் இருந்தும் போன பொங்கலுக்கு நீ வரவில்லை. காரணம் கேட்கவில்லை. அம்மா கரும்பை வாங்கி மூலையில் சாத்தி வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

மறுபடியும் சொல்கிறேன், ஏரிக்குக் கீழே கூடாரம் வேண்டாம். ஓடையைக் கடப்பதானால் விடிகாலையில் கட. மத்தியானத்துக்கு மேல் உருகல் சேர்ந்து, காலையில் முழங்கால் இருந்தது சாயங்காலம் இடுப்பாகும். புதுப்பனி மூடின பனியாற்றில் கயிறு கட்டாமல் ஒரு அடி வைக்காதே, பிளவு மேலே தெரியாது. 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு அதிகமாகப் படுக்கும் உயரத்தை ஏற்றாதே. தலைவலி இருந்தால் அங்கேயே தங்கு, தள்ளாட்டமோ மூச்சுத் திணறலோ வந்தால் ராத்திரியானாலும் இறங்கு. மரியாதைக்குப் பயந்து சொல்லாமல் இருக்காதே, உனக்கு அந்தக் குணம் உண்டு.

நல்ல வேலை பார்க்கிறாய். 2025-ஐப் பனியாறுகளைப் பாதுகாக்கும் ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தபோது பேப்பரிலிருந்து வெட்டி வைத்தேன், பீரோவில் இருக்கிறது. ஆனால் அளக்கிறவள் இருந்தால்தான் அளவு.

கும்பகோணத்தில் ஆவணி முடிய பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீ வேறு யாரையாவது நினைத்திருந்தால் அதையும் எழுதலாம். அம்மாவுக்கு முன்னால் நான் படிப்பேன். கத்த மாட்டேன்.

புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில் தனியாகப் பார்சலில் வருகிறது. லே உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், சோறு வேகாது, மேலே இன்னும் மோசம். குக்கரையும் ஒரு உபரி கேஸ்கட்டையும் எடுத்துப் போ. கிளம்புகிற தேதி, கூடாரம் போடும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஏரி மட்டத்திலிருந்து அது எத்தனை மீட்டர் மேலே, கூட வருகிறவர்களின் போன் நம்பர், இந்த நான்கையும் வாட்ஸ்அப்பில் போடு. மேலே என்று எழுதினால் போதாது, மீட்டரில் வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள
அப்பா