எலும்பைப் பார்த்துக் காலை அளந்த மருத்துவக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட மருத்துவக் குழுவினருக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்டு என் தம்பி அளித்த விண்ணப்பத்தின் மீது தாங்கள் எடுத்த முடிவு கிடைத்தது. அவனுடைய பாதிப்பு 40 விழுக்காட்டை எட்டவில்லை என்கிறது அது. அன்று அவனை நாற்காலியில் உட்கார வைத்து, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எலும்பு நன்றாகக் கூடிவிட்டதே என்று தங்களில் ஒருவர் சொன்னதோடு பரிசோதனை முடிந்தது. கூடியது உண்மைதான். எலும்பு கூடவில்லை என்று நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை.

விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த அன்றே அவனுக்குக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் (தசையைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் ஏறும் நிலை) ஏற்பட்டதும், தசையுறையைக் கீறித் திறந்ததும் தங்களிடம் கொடுத்த மருத்துவமனைக் குறிப்பிலேயே இருக்கின்றன. உறைக்குள் அழுத்தம் ஏறி, ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு மேல் இரத்த ஓட்டம் தடைபட்டால் தசை மீள்வது அரிது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுவை செய்தவர்கள் காலைக் காப்பாற்றினார்கள். அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனால் அதற்குள் செத்துப்போன தசை தழும்பாக இறுகி, மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கிக் குதிகாலை மேலே இழுத்துவிட்டது. கால்விரல்கள் மடங்கிவிட்டன. பாதத்தைத் தூக்கும் தசையும் வலுவிழந்ததால் சமதரையிலேயே அவனுக்குக் கால் தட்டுகிறது. எக்ஸ்ரே படத்தில் இவற்றைத் தேடிப் பயனில்லை.

அவனுடைய தொழில் டைல்ஸ் ஒட்டுவது. அதை யாரும் நின்றுகொண்டு செய்வதில்லை. காலையிலிருந்து மாலை வரை குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. குந்துவதற்குக் குதிகால் தரையில் பதிய வேண்டும். அவனுக்கு ஒரு குதிகால் பதிவதில்லை. உடம்பின் பாரம் முழுவதும் மடங்கிய விரல்களின் மேல் இறங்குவதால் விரல் நுனிகளில் காய்ப்பு ஏறி வெடித்துப் புண்ணாகிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால், இரத்தத்தைக் கண்ணால் கண்ட பிறகுதான் புண் இருப்பதே அவனுக்குத் தெரிகிறது. மேஸ்திரி நல்ல மனிதர், வேலையை விட்டு நிறுத்தவில்லை. கலவை கலக்கும் கையாளாக வைத்திருக்கிறார், கையாளுக்கு உரிய கூலியில். வீட்டுக் கழிப்பறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் படும் பாட்டை இங்கே விரித்து எழுத எனக்கு மனமில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் கீழ் வெளியான மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள், காலின் பாதிப்பை அளக்கும்போது மூட்டின் அசைவையும் தசையின் வலுவையும் மட்டுமல்லாமல், நடப்பது, சரிவில் செல்வது, படியேறுவது, பாதிக்கப்பட்ட காலில் நிற்பது, குந்துவது, சம்மணமிடுவது ஆகியவற்றையும் பார்க்கச் சொல்கின்றன. இவற்றில் ஒன்றையாவது அன்று பார்த்தீர்களா? தங்கள் அலுவலகம் மாடியில் இருக்கிறது, லிப்ட் கிடையாது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவன் ஏறி வந்ததை யாரேனும் எட்டிப் பார்த்திருந்தால், படியேறும் சோதனை அரசுக்குச் செலவில்லாமல் அங்கேயே முடிந்திருக்கும்.

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு அரசே இலவசச் சிகிச்சை அளிக்கும் மாநிலம் இது. 2021இல் தொடங்கிய அத்திட்டத்தால் பிழைத்தவர்களை நான் அறிவேன், அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் தசை சுருங்கத் தொடங்குவது அந்த 48 மணி நேரத்துக்கு வெகுநாள் கழித்து. அப்போது கணுக்காலை நீட்டிப் பழக்க ஆளில்லை, பாதம் இழுபடாமல் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் கட்டச் சொல்ல ஆளில்லை. எல்லாம் இறுகிய பிறகு, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க மட்டும் ஆள் இருக்கிறார்கள். இது தங்கள் குழுவின் குற்றமில்லை என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யும் உரிமை எங்களுக்கு இருக்கிறது. அதற்கு முன் தங்களிடமே பணிவுடன் கேட்கிறேன்: அவனை மறுபடியும் அழையுங்கள், நடக்க வைத்தும் குந்த வைத்தும் பாருங்கள், தசை வலுவையும் கணுக்கால் அசைவையும் தனித்தனியே அளந்து எழுத்தில் தாருங்கள். அப்படி அளந்த பிறகும் 40க்குக் கீழேதான் வருமென்றால் ஏற்றுக்கொள்கிறோம். மறுபரிசோதனைக்கான நாளைச் சில தினங்கள் முன்னதாகத் தெரிவித்தால், மேஸ்திரியிடம் சொல்லி விடுப்பு வாங்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரரின் அக்கா