தடுப்பு இருப்பது பாதத்தில் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்தத்தில் உள்ள பொருள்கள் கண்டபடி மூளைக்குள் புகாமல் காக்கும் ரத்த–மூளைத் தடுப்பைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, ஆஸ்ட்ரோசைட் என்ற மூளைத் துணைச் செல்களின் பாதங்களே (நுனி நீட்சிகளே) தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுற்றி மதிலாக நிற்பதாகச் சொல்கிறது. பரவலாக உள்ள தவறு இது, திருத்தியாக வேண்டும்.

தடுப்பு இருப்பது தந்துகியின் உட்சுவரான எண்டோதீலியல் செல்களில். கிளாடின்-5 போன்ற புரதங்கள் அந்தச் செல்களின் இடைவெளிகளை இறுக மூடும் இணைப்புகளை அமைக்கின்றன. 1967-இல் ரீஸும் கர்னாவ்ஸ்கியும் சுண்டெலியின் ரத்தத்தில், நுண்ணோக்கியில் தடம் காணக்கூடிய பெராக்சிடேஸ் நொதியைச் செலுத்தினார்கள். அது இந்த இணைப்புகளைத் தாண்டவில்லை. 1969-இல் பிரைட்மனும் ரீஸும் அதையே மூளையறைத் திரவத்தில் செலுத்தியபோது, ஆஸ்ட்ரோசைட் பாதங்களின் இடுக்கு வழியே தடையின்றிப் போய் அதே இணைப்புகளில்தான் நின்றது.

அப்படியானால் பாதங்களுக்கு என்ன வேலை? சோனிக் ஹெட்ஜ்ஹாக் போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து இணைப்புகளைப் பராமரிப்பது. தடுப்பைத் தொடங்கிவைப்பதும் இவை அல்ல. கருவில் ஆஸ்ட்ரோசைட்டுகள் தோன்றுமுன்பே, தந்துகியை வெளியிலிருந்து அணைத்திருக்கும் பெரிசைட் செல்களின் துணையோடு அது உருவாகிவிடுகிறது. 2010-இல் வெளியான ஆய்வுகள் இதைக் காட்டின.

பராமரிக்கும் செல்லே தடுப்பைத் திறந்தும் விடும். அழற்சியில் தூண்டப்பட்ட ஆஸ்ட்ரோசைட் விஈஜிஎஃப்-ஏ என்ற புரதத்தைச் சுரக்கும். கிளாடின்-5 குறையும், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசியும். மூளைக்கட்டியைச் சுற்றிய வீக்கமும் இப்படிக் கசிவால் வருவதே, அதனால்தான் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து அங்கே பலன் தருகிறது. ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தின் முதல் சில மணி நேரத்தில் நடப்பது வேறு. அப்போது ஆஸ்ட்ரோசைட்டே தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது, தடுப்பு பெரும்பாலும் சேதமின்றி இருக்கிறது. "ஸ்டீராய்டு ஏன் போடவில்லை?" என்று கேட்கும் உறவினர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கலாம்.

கட்டுரையில் விடுபட்ட முக்கியமான நோய் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. பாதங்களில் உள்ள அக்வாபோரின்-4 என்ற நீர்க்கால்வாயை உடலின் ஆன்டிபாடியே (நோய் எதிர்ப்புப் புரதமே) தாக்குகிறது. பார்வையும் தண்டுவடமும் பாதிக்கப்படும். நரம்பு உறைகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தவறாக எண்ணி அதற்கான இன்டர்ஃபெரான்-பீட்டா மருந்தைக் கொடுத்தால் நோய் முற்றக்கூடும். இரண்டில் எது என்ற சந்தேகம் இருந்தால் அந்த மருந்தைத் தொடங்குமுன் அக்வாபோரின்-4 ஆன்டிபாடி சோதனை அவசியம். அக்வாபோரின்-4 உள்ள செல்களில் ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று பார்க்கும் செல் அடிப்படையிலான முறை, எலைசா என்ற வழக்கமான ஆய்வக முறையைவிட நம்பகமானது. தண்டுவட நீரைவிட ரத்த சீரமே ஏற்றது. பிளாஸ்மா மாற்று சிகிச்சைக்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும், பின்னால் எடுத்தால் ஆன்டிபாடி குறைந்து போலியாக 'நெகட்டிவ்' வரக்கூடும்.

– நரம்பியல் ஆய்வாளர் ஒருவர், மதுரை