டானர் மலை டனல் சுவத்துல பேர் எழுதாதீங்க: பே ஏரியா தமிழ் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்ங்க.

போன செப்டம்பர்ல டாஹோ போற வழியில, கலிஃபோர்னியா சியரா நெவாடா மலை மேல இருக்கிற டானர் சம்மிட்ல இறங்கினோம், நானும் வீட்டுக்காரரும் பசங்க ரெண்டு பேரும். பழைய ஹைவே 40 ஓரமா வண்டிய போட்டுட்டு கொஞ்சம் மேல ஏறினா ஆறாம் நம்பர் டனல் வரும். 1993ல ரயில வேற பாதைக்கு மாத்திட்டாங்க, தண்டவாளத்தையும் எடுத்தாச்சு, இப்போ எல்லாரும் உள்ள நடந்து போய் பாத்துட்டு வர்றாங்க. சுவரு முழுக்க ஸ்ப்ரே பெயிண்ட், அது ரொம்ப வருஷமா அப்படித்தான். ஆனா கொஞ்ச தூரம் போனதும் என் பொண்ணு டார்ச்ச அடிச்சுட்டு "அம்மா தமிழ்!"னு கத்துனா.

நீல கலர்ல ஒரு பையன் பேரு, ஒரு பொண்ணு பேரு, நடுவுல ஹார்ட். அவளுக்கு ஒரே சந்தோஷம், எழுத்துக்கூட்டி படிச்சுட்டா இல்ல. எனக்கு வயித்த பிசைஞ்சுது. ஏன்னா அந்தப் பேர்ல இருந்த ழகரத்தோட வால் போய் முடியற இடத்துல பாறையில நீளமா, அரைவட்டமா ஒரு பள்ளம் இருக்கு. கைய வச்சா விரல் அப்படியே உள்ள உக்காருது. அது தானா வந்தது இல்ல, உளி வச்சு அடிச்ச துளை, வெடி வச்சதும் பாதி பிச்சுக்கிட்டு போய் மீதி பாதி பாறையிலயே நின்னுடுச்சு.

யாரு அடிச்சாங்கன்னு தெரியாம எழுதியிருப்பாங்கன்னுதான் நம்புறேன், அதுக்குத்தான் இந்த மடல்.

அமெரிக்காவுக்கு குறுக்க முதல் ரயில் பாதை போட்டப்போ, சாக்ரமெண்டோல இருந்து கிழக்கு பக்கமா வந்த வேலைய சென்ட்ரல் பசிபிக் கம்பெனி எடுத்திருந்துச்சு. வேலைக்கு ஆள் நிக்கல, வந்தவங்க பாதி பேர் நெவாடா வெள்ளி சுரங்கத்துக்கு ஓடிட்டாங்க. 1865ல சீனாக்காரங்கள வச்சு பாக்கலாம்னு, கம்பெனி முதலாளிகள்ல ஒருத்தரான க்ராக்கர் சொன்னப்போ வேலைய மேற்பார்வை பாத்த ஸ்ட்ரோபிரிட்ஜ் முடியாதுன்னுட்டாரு, இவங்க உடம்புக்கு இது தாங்காதுன்னு. சரி ஒரு ஐம்பது பேர வச்சு பாப்போம்னு ஆரம்பிச்சு, அப்புறம் அது ஆயிரக்கணக்குல போய், வேலை உச்சத்துல இருந்தப்போ 10,000 பேருக்கும் மேல, தொழிலாளிகள்ல பத்துக்கு எட்டு ஒன்பது பேர் அவங்கதான். பெரும்பாலும் தெற்கு சீனாவுல குவாங்டாங் பக்கத்துக் கிராமத்து பசங்க, ஊர்ல சண்டையும் பஞ்சமும், கடல் தாண்டி வந்து சம்பாதிச்சு வீட்டுக்கு அனுப்பணும், அவ்வளவுதான்.

இந்த ஆறாம் நம்பர் டனல் 1,659 அடி நீளம், முழுக்க கருங்கல்லு. ஒருத்தர் உளிய புடிச்சு திருப்பிக்கிட்டே இருக்கணும், ரெண்டு பேர் மாத்தி மாத்தி சம்மட்டியால அடிக்கணும், கருமருந்த நிரப்பி வெடிக்கணும், கல்ல அள்ளணும், மறுபடியும் அடிக்கணும். இப்படி ராத்திரி பகலா அடிச்சும் ஒரு முகத்துல, அதாவது குடையற ஒரு பாறைப் பக்கத்துல, ஒரு நாளைக்கு ஓரடி சொச்சம்தான் நகரும். அதனால ரெண்டு பக்கத்துல இருந்தும், நடுவுல மேல இருந்து ஒரு கிணறு மாதிரி தோண்டி அதுல இறங்கி ரெண்டு பக்கமாவும், ஆக மொத்தம் நாலு இடத்துல ஒரே நேரத்துல குடைஞ்சாங்க. அப்புறம் நைட்ரோகிளிசரின்னு இன்னும் வீரியமான வெடிமருந்து வந்துச்சு, அங்கயே மலையிலயே காய்ச்சுனாங்க, கொஞ்சம் வேகம் கூடுச்சு, ஆபத்தும் கூடுச்சு.

1866 - 67 குளிர்காலத்துல 44 பனிப்புயல். தங்குற கொட்டகை எல்லாம் பனிக்குள்ள புதைஞ்சு போச்சு, பனிக்குள்ளயே வழி தோண்டி அது வழியாத்தான் டனலுக்கு வேலைக்கு போனாங்க, நாள்கணக்கா வெயில் மூஞ்சியே பாக்காம. பனிச்சரிவுல ஆளுங்க அப்படியே போயிட்டாங்க, வசந்தம் வந்து பனி உருகினப்போ கையில புடிச்ச கருவியோட கிடந்தவங்கள எடுத்தாங்க. மொத்தம் எத்தன பேர் செத்தாங்கன்னு கம்பெனி கணக்கே வைக்கல. 1870ல ஒரு சாக்ரமெண்டோ பத்திரிகையில வந்த செய்திதான் இருக்கு, ஊருக்கு அனுப்புறதுக்காக சேத்து வச்ச எலும்பு மட்டும் 20,000 பவுண்டு, சுமார் 1,200 பேரோடதுன்னு. செத்தாலும் எலும்பாவது சொந்த ஊர் மண்ணுக்கு போயிடணும்னு அவங்களுக்கு.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். இவங்க பேரு நம்மகிட்ட இல்லைங்க. சம்பளப் பட்டியல்ல பெரும்பாலும் மேஸ்திரி பேருதான் இருக்கு, அவர்கிட்ட மொத்தமா காசு குடுத்துடுவாங்க, கீழ வேலை பாத்த இருபது முப்பது பேரு யாருன்னு எழுதி வைக்கல. அவங்க எழுதின ஒரு லெட்டரோ டைரியோ இதுவரைக்கும் கிடைக்கல, ஸ்டான்ஃபோர்ட்ல 2012ல இருந்து பல வருஷம் ஒரு பெரிய குழுவே உக்காந்து தேடிச்சு, கிடைக்கல. 1869 ஏப்ரல் 28ம் தேதி ஒரே நாள்ல 10 மைல் பாதை போட்டாங்களே, அன்னிக்கு தண்டவாளத்த தூக்கி வச்ச எட்டு ஐரிஷ்காரங்க பேரு பத்திரமா இருக்கு, நல்ல விஷயம், அவங்க உழைப்பும் உழைப்புதான். கூட நின்ன சீனத் தொழிலாளிங்க பேரு இல்ல. அந்த ரயில் கம்பெனி தலைவரு லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் செத்துப்போன தன் மகன் பேர்ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டியே இருக்கு, நம்ம பாதி பேருக்கு அங்க பசங்கள சேக்கணும்னுதான் கனவே.

வாய மூடிக்கிட்டு வேலை செஞ்சாங்கன்னும் நினைக்காதீங்க. 1867 ஜூன் கடைசியில மூவாயிரம் பேர் ஒண்ணா வேலைய நிறுத்தினாங்க. மாசம் 40 டாலர் கேட்டாங்க, டனல்ல எட்டு மணி நேரத்துக்கு மேல முடியாதுன்னாங்க. ஒரு கல்லு எறியல, அமைதியா கொட்டகையில உக்காந்திருந்தாங்க. க்ராக்கர் சாப்பாட்ட நிறுத்திட்டாரு. அந்த மலையில வேற எங்க போய் அரிசி வாங்குறது? ஒரு வாரத்துல முடிஞ்சுது. ஆகஸ்ட்ல இந்த டனல்ல நாலு முகமும் ஒண்ணா சேந்துச்சு, கோடு ரெண்டு இஞ்ச் கூட விலகலன்னு சொல்றாங்க.

1969ல அந்த ரயில் பாதை முடிஞ்ச நூறாவது வருஷ விழாவுல மேடையேறின போக்குவரத்து அமைச்சர் வோல்ப், அமெரிக்கர்கள தவிர வேற யாரால இந்த மலைய குடைஞ்சிருக்க முடியும்ங்கிற மாதிரி பேசினாரு. இவங்க அமெரிக்கரா ஆகறதுக்கே சட்டம் விடல, 1882ல சீனத் தொழிலாளிங்க வரவே கூடாதுன்னு கதவ மூடுனாங்க, அதே கதவு 1917ல இந்தியாக்காரங்களுக்கும் மூடுச்சு. 1965க்கு அப்புறம் சட்டம் மாறுனதாலதான் நம்ம ஆளுங்க இவ்வளவு பேர் இங்க இருக்கோம். அதனால இது யாரோ சீனாக்காரங்க கதை, நமக்கென்னன்னு போயிட முடியாதுங்க.

ஆக அவங்க கைப்பட மிச்சம் இருக்கறது அந்த பாறையில இருக்கிற உளித்தடமும், ஏழாம் எட்டாம் டனலுக்கு நடுவுல சாந்தே இல்லாம கல்ல அடுக்கி கட்டின அந்த சுவரும்தான், 150 வருஷம் தாண்டியும் நிக்குது. கையெழுத்துன்னா அதுதான் அவங்க கையெழுத்து. 2021ல இந்த இடத்த அழியுற ஆபத்துல இருக்கிற பதினொரு இடங்கள்ல ஒண்ணா வரலாற்று இடங்கள பாதுகாக்கிற தேசிய அறக்கட்டளை அறிவிச்சிருக்கு. அது மேல போய் நம்ம பேர எழுதலாமா?

எழுதின அந்த தம்பிக்கு, தங்கச்சிக்கு: உங்க மேல கோவம் இல்ல. தயவு செஞ்சு அத அழிக்கிறேன்னு கம்பி பிரஷ்ஷோ கெமிக்கலோ எடுத்துட்டு போயிடாதீங்க, தடமும் சேந்து போயிடும்.

மத்தவங்க, தமிழ் பள்ளி டீச்சருங்க முக்கியமா, அடுத்த தடவ டாஹோ போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பனி உருகினதுக்கு அப்புறம் போங்க, உள்ள இருட்டு, தண்ணி சொட்டும், கோடையிலயும் குளிரும், ஜாக்கெட்டும் நல்ல டார்ச்சும் ஆளுக்கு ஒண்ணு வேணும். வெளிச்சத்த சுவத்துக்கு நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க, அப்போதான் பள்ளம் தெரியும். பெயிண்ட் இல்லாத ஒரு இடமா பாத்து குழந்தைய விரல வைக்கச் சொல்லுங்க.