புகார் கடிதம்: வியட்நாம் ஆசிரியர் வேலைக்காகக் கட்டிய 98,500 ரூபாயைத் திருப்பித் தரக் கோரி

பாளையங்கோட்டை,
20.01.2025

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: 2024 பிப்ரவரியில் சேர்ந்த ஆங்கில ஆசிரியர் பயிற்சியும் வெளிநாட்டு வேலை ஏற்பாடும் தொடர்பாக.

வணக்கம்.

போனில் ஏழு முறை சொன்னதை இப்போது எழுத்தில் தருகிறேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்து, "முதல்ல இருந்து சொல்லுங்க மேடம்" என்கிறார். சரி, முதலிலிருந்தே சொல்கிறேன். இனி யார் பேசினாலும் இதைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

நான் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படித்தவள். எட்டு வருடமாக மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வருபவர்களில் பாதிப் பேர் வெளிநாடு போக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதும் நர்சுகள். மீதிப் பேரில் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் கணக்கர் முதல் அமெரிக்காவில் இருக்கும் பேத்தியிடம் பேச ஆசைப்படும் ரிட்டயர்டு தலைமையாசிரியர் வரை எல்லாரும் உண்டு. டூட்டி முடித்து, சாப்பிடாமல்கூட வந்து உட்கார்ந்திருப்பார்கள். தப்பாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவர் சிரித்துவிடுவாரோ என்ற கூச்சம் குழந்தைகளைவிட இவர்களுக்குத்தான் அதிகம். இவர்களுக்குப் பாடம் நடத்துவது தனி வேலை, எனக்குப் பிடித்த வேலை. அதையே வெளிநாட்டில் இரண்டு வருடம் செய்து பார்க்கலாம் என்றுதான் உங்களிடம் வந்தேன்.

உங்கள் விளம்பரத்தில் இருந்தவை மூன்று: 120 மணி நேர டெஃபல் (பிற மொழியினருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ், பெரியவர்களுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்சி, வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் நூறு சதவீதம் வேலை. முதல் நாளே உங்கள் ஆலோசகரிடம் கேட்டேன்: "என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். அங்கே எடுத்துக்கொள்வார்களா?" அவர் சொன்ன பதிலை அன்றே டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். "மேடம், உங்க இங்கிலீஷுக்கு அவங்களே தேடி வருவாங்க."

12.02.2024 அன்று 50,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டி 9,000 ரூபாயும் கட்டினேன்.

முதலில் பயிற்சியைப் பற்றி. பத்து பாடப் பகுதிகளில் ஏழு, சின்னக் குழந்தைகளுக்கானவை. பட அட்டை காட்டுவது, கை தட்டிப் பாடுவது, பொம்மையைப் பேச வைப்பது. ஐம்பது வயது கணக்கரிடம் யானைப் படத்தைக் காட்டி "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டால் அவர் மறுநாள் வருவாரா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தேர்வு முழுவதும் சரியான விடையை டிக் அடிப்பது மட்டும்தான். நான் பாடம் நடத்தி ஒருவர்கூடப் பார்க்கவில்லை. ஆங்கில ஆசிரியர்களுக்குக் கேம்பிரிட்ஜ் தரும் செல்டா சான்றிதழும் 120 மணி நேரம்தான். ஆனால் அதில் உண்மையான மாணவர்கள் முன்னால் ஆறு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும், பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். 120 என்ற எண் ஒன்றாக இருப்பதைக் காட்டி, "செல்டாவுக்குச் சமம்" என்று எனக்கு எழுதி அனுப்பியது உங்கள் அலுவலகம். அந்த மின்னஞ்சல் நகலை இணைத்திருக்கிறேன்.

அடுத்தது ஆவணங்கள். என் பட்டச் சான்றிதழை நீங்களே வாங்கி, வெளிநாட்டில் ஆவணம் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை வைத்துத் தருவதாகச் சொல்லி 14,500 ரூபாய் வாங்கினீர்கள். அப்போஸ்டிலுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய். மாநில அரசுச் சரிபார்ப்பு, கூரியர், ஏஜென்ட் செலவு எல்லாம் சேர்த்தாலும் அந்தத் தொகை எனக்குப் புரியவில்லை. அதுகூடப் போகட்டும். நீங்கள் முத்திரை வாங்கிய 2024இல் வியட்நாம் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் உறுப்பு நாடாகவே இல்லை. அங்கே வேலை அனுமதி வாங்க, இந்தியாவில் உள்ள வியட்நாம் தூதரகத்தின் சான்றொப்பம் வேண்டியிருந்தது. ஆக, நீங்கள் வாங்கித் தந்த முத்திரையால் அங்கே ஒரு பிரயோஜனமும் இல்லை. இது உங்கள் தொழில், என் தொழில் இல்லை. தெரிந்திருக்க வேண்டியவர் நீங்கள்.

என் மேல் குற்ற வழக்கு இல்லை என்று காட்டும் போலீஸ் சான்றிதழ் கதையும் இப்படித்தான். பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, 500 ரூபாய் கட்டி, ஜூன் மாதத்தில் வாங்கி அனுப்பினேன். வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது அது ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அது உங்கள் மேசையில் கிடந்தே காலாவதியாகிவிட்டது. "இன்னொன்னு வாங்கிடுங்க மேடம்" என்றார்கள், ரேஷன் கடையில் துணிப்பை மறந்தவளிடம் சொல்வதுபோல.

ஜூலையில் "வேலை ஏற்பாட்டுச் செலவு" என்று இன்னொரு 25,000 ரூபாய். அதற்குக் கிடைத்தவை மூன்று நேர்காணல்கள். முதலாவது, மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கான மழலையர் பள்ளி. இரண்டாவது, பெரியவர்களுக்கான மையம்தான், ஆவலோடு உட்கார்ந்தேன். நான்காவது நிமிடத்தில் அந்தப் பெண்மணி, எங்களுக்கு அமெரிக்கா, பிரிட்டன் போன்ற ஏழு நாட்டு பாஸ்போர்ட் உள்ளவர்கள்தான் வேண்டும், இதை உங்கள் நிறுவனத்துக்கு ஏற்கெனவே எழுதியிருந்தோமே என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஏற்கெனவே எழுதியிருந்தோம் என்ற அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. மூன்றாவது நேர்காணல், வீட்டிலிருந்தே மொபைல் செயலியில் பாடம் எடுக்கும் வேலை. அதற்கு எதற்கு வியட்நாம்?

கடைசியாக நீங்கள் சொன்ன யோசனையையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் போனில் மட்டும்தான் சொன்னீர்கள். 90 நாள் டூரிஸ்ட் இ-விசாவில் போய் இறங்கி வேலையை ஆரம்பித்துவிடுங்கள், அப்புறம் அனுமதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். அனுமதி இல்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு அங்கே 1.5 கோடி முதல் 2.5 கோடி டாங் (வியட்நாம் பணம்) வரை அபராதம், அதோடு நாடு கடத்தலும் உண்டு. மாட்டிக்கொண்டால் போலீஸுக்குப் பதில் சொல்லப் போவது நான். உங்கள் ஆலோசகர் சென்னையில் ஏசி அறையில் இருப்பார்.

வியட்நாமில் இந்தியர்கள் ஆங்கிலம் கற்பிக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களிடம் பேசியிருக்கிறேன். சரியான ஆவணங்களோடு, கூடுதலாக ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணையும் காட்டி, பல இடங்களில் மறுக்கப்பட்டு ஒரு இடத்தில் கிடைத்தது என்கிறார்கள். அந்த உண்மையை முதல் நாளே சொல்லியிருந்தால் நானே முடிவெடுத்திருப்பேன். ஒருவேளை அப்போதும் பணம் கட்டியிருப்பேன். நீங்கள் என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட் என்று தெரிந்தும், வேறு நாட்டவருக்கு எழுதிய விளம்பரத்தைத் தமிழில் போட்டு என்னிடம் விற்றீர்கள்.

இன்னொரு கேள்வி. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர்கள் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கான அரசின் இ-மைக்ரேட் இணையதளப் பட்டியலில் தேடினேன், உங்கள் நிறுவனம் இல்லை. பதிவு பெற்றவர்களே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. கேட்டால், "நாங்க கல்வி ஆலோசகர்கள்தான், ஏஜென்ட் இல்லை" என்கிறீர்கள். அப்படியானால் ஜூலை ரசீதில் "வேலை ஏற்பாடு" என்று எதற்கு எழுதினீர்கள்?

நான் கேட்பது: பயிற்சிக்குக் கட்டிய 59,000, வேலை ஏற்பாட்டுக்குக் கட்டிய 25,000, ஆவணங்களுக்குக் கட்டிய 14,500, ஆக மொத்தம் 98,500 ரூபாய். போலீஸ் சான்றிதழுக்கான 500 ரூபாயை நான் சேர்க்கவில்லை, அது அரசாங்கத்துக்குப் போனது. உங்கள் சலுகைக் கூப்பனும் வேண்டாம், "அடுத்த பேட்ச்" இடமும் வேண்டாம்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும்.

பணத்துக்குப் பதினைந்து நாள் தருகிறேன். ஆனால் என் அசல் பட்டச் சான்றிதழ் இன்னும் உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. அதை இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் 2024 பிப்ரவரிப் பிரிவு மாணவி

இணைப்பு: ரசீதுகள் 3, மின்னஞ்சல் நகல்கள் 6, விளம்பரத் துண்டறிக்கை 1.