வெங்காயம் ஒத்துக்கொள்ளாத மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உனக்கு ஐபிஎஸ் (IBS), அதாவது சாப்பாடு சட்டென்று குடலை உறுத்தி வலியும் உப்பலும் தரும் கோளாறு என்று டாக்டர் சொன்னதையும், வெங்காயம் பூண்டைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கச் சொன்னதையும் அம்மாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் ஒரே புலம்பல். காரைக்குடிக்காரி, சின்ன வெங்காயம் உரிக்காமல் அவளுக்குப் பொழுது விடியாது. "புனேயில் பிள்ளை எதைத்தான் சாப்பிடும்?" என்கிறாள். "அமாவாசைக்கு நீ வைக்கும் புளிக்குழம்பிலும் கூட்டிலும் வெங்காயம் ஏது?" என்று அவளைக் கேட்டேன். பதில் இல்லை.

வேதியியல் வாத்தியார் புத்தி விடாது, கொஞ்சம் கேள். தொல்லை தருவது வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் ஃப்ரக்டான் என்கிற கார்போஹைட்ரேட். அதை உடைக்கும் என்சைம் மனிதர் யாருக்குமே கிடையாது, எனக்கும்தான். செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும், அங்கே பாக்டீரியா அதை நொதிக்க வைத்து வாயு உண்டாக்கும். உன் குடலுக்கு அந்த உப்பல் கூடுதலாக உறைக்கிறது, அவ்வளவுதான். அலர்ஜி வேறு, இது வேறு. எல்லாம் மனப்பிரமை என்று சொல்கிறவர்களைக் கண்டுகொள்ளாதே.

சாம்பாரில் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டும் வலித்தது என்றாயே, ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும். துண்டை ஒதுக்கினாலும் சாறு குழம்பில்தானே இருக்கிறது? ஆனால் எண்ணெயில் அது கரையாது. அதனால் நல்லெண்ணெயில் முழுப் பூண்டுப் பல்லைப் போட்டு, மணம் இறங்கியதும் ஒன்று விடாமல் எடுத்துவிடு. அப்புறம்தான் புளிக்கரைசல் ஊற்ற வேண்டும். முறை மாறினால் பயனில்லை. இந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்துகொள். பாட்டிலில் ஊற்றி வெளியே வைத்தால் அதில் பாட்டுலிசம் என்கிற விஷ நோயைத் தரும் கிருமி வளரலாம், அது உயிருக்கே ஆபத்து. வெங்காயத்தாளில் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போடு, வெள்ளை அடிப்பகுதி வேண்டாம். மற்றதற்குப் பெருங்காயம் இருக்கிறது. மிளகு ரசம், மோர்க்குழம்பு, அவியல் எதற்கும் பூண்டு தேவையே இல்லை. கடை மசாலாவும் சிப்ஸும் வாங்கும்போது வெங்காயத் தூள், பூண்டுத் தூள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

வெளியே சாப்பிடப் புனே வசதியான ஊர். 'ஜெயின்' என்று கேட்டால் வெங்காயம், பூண்டு இல்லாமல் பாவ் பாஜி கூடக் கொடுப்பார்கள். ஆனால் ஜெயின் என்று எழுதியிருக்கிறதே என்று சன்னா மசாலாவை ஒரு கை பார்த்துவிடாதே, கொண்டைக்கடலையும் உன் வயிற்றை உப்ப வைக்கலாம். பாவ் ரொட்டி செய்யும் கோதுமையிலும் ஃப்ரக்டான் உண்டு.

நம் ஊர்க் கல்யாண வீட்டில்தான் சங்கடம். வெங்காயம் வேண்டாம் என்றதும், "நீங்க என்ன ஆளுங்க?" என்று ஒருவர் ஜாதி விசாரிக்க ஆரம்பிப்பார். வயிற்றுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு இலையில் இருக்கிற தயிர்சாதத்தைப் பார். விளக்கம் சொல்லிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அவர்கள் மனம் கோணக் கூடாது என்று சாப்பிட்டுவிட்டு ராத்திரி சுருண்டு படுக்கவும் வேண்டியதில்லை.

இன்னொன்று. ஆயுளுக்கும் விட்டுவிடுவது என்று முடிவு கட்டாதே. வாயு உண்டாக்கும் உணவுகளை நிறுத்திப் பார்க்கும் இந்த உணவுமுறையை (low FODMAP) உருவாக்கிய மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தாரே 2 முதல் 6 வாரம்தான் நிறுத்தச் சொல்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கொஞ்சமாகச் சேர்த்து, எது எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். பூண்டு ஆகாதவருக்குக் கொஞ்சம் வெங்காயம் ஒத்துக்கொள்ளலாம். ஒரு டயட்டீஷியனை வைத்துக்கொண்டு செய். எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ இந்தக் கடிதத்தை நம்பிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடு.

பார்சலில் ரசப்பொடியும் பூண்டில்லாத இட்லிப்பொடியும் வருகின்றன. தாளிப்பு வடகத்தை அம்மா உள்ளே வைத்தாள், நான் எடுத்துவிட்டேன், அதில் பாதி சின்ன வெங்காயம்தான். ஃபோனில் அவள் கேட்டால் வடகம் நன்றாக இருந்தது என்று சொல்லி என்னை மாட்டிவிடாதே.

அப்பா