நிலைமம் ஒரு விசை இல்லைங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் அறிவியல் பக்கத்துல நிலைமம் (இனர்ஷியா, அதாவது ஒரு பொருள் இருக்கிற நிலையிலயோ ஓடுற வேகத்துலயோ அப்படியே தொடரப் பாக்குற குணம்) பத்தி வந்த கட்டுரைய வாசிச்சேன், படமெல்லாம் போட்டு நல்லா எளிமையா சொல்லிருந்தீங்க, ஆனா நடுவுல "சடன் பிரேக் போடும்போது நிலைம விசை நம்மள முன்னாடி தள்ளுது"ன்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அது எனக்கு உறுத்திட்டே இருக்கு. நான் பிசிக்ஸ் சொல்லித்தர்ற ஆளு, வருஷா வருஷம் பசங்க பரீட்சைல இதே வரிய எழுதிட்டு வர்றாங்க.

யாரும் தள்ளலைங்க. பஸ் 60 கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னா உள்ள உக்காந்திருக்கிற நாமளும் அதே 60ல தான் போய்ட்டிருக்கோம். பிரேக் பிடிக்கிறது சக்கரத்த. பஸ்ஸோட வேகம் குறையுது, நம்ம உடம்பு பழைய வேகத்துலயே போகுது, சீட்டோ கம்பியோ பெல்ட்டோ பிடிச்சு நிறுத்துற வரைக்கும். விசைன்னு ஒண்ணு அங்க வேலை செய்யுதுன்னா அது பின்பக்கமா நம்மள நிறுத்துற விசைதான்.

இதுக்குப் போய் ஏன் லெட்டர் எழுதணும்னு தோணலாம். ஏதோ தள்ளுதுன்னு நினைக்கிறவங்க, கெட்டியா பிடிச்சுக்கிட்டா சமாளிச்சிடலாம்னும் நினைக்கிறாங்க, அந்த நம்பிக்கைலதான் கார்ல குழந்தைய மடில வெச்சுட்டு போறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. 60 கிலோமீட்டர்னா நொடிக்கு சுமார் 16.7 மீட்டர், கார் எதுலயாவது மோதி 0.1 நொடில நின்னுச்சுன்னா 10 கிலோ குழந்தைய நிறுத்த சராசரியா 1,670 நியூட்டன் விசை வேணும், அதாவது சுமார் 170 கிலோ எடைய தாங்கிப் பிடிக்கிற பலம், அதுவும் நம்ம உடம்பும் அதே வேகத்துல முன்னாடி போய்ட்டிருக்கும்போது. எந்தக் கையாலயும் முடியாது. குழந்தைக்குன்னு இருக்கிற சீட்தான் ஒரே வழி.

இன்னொண்ணு, ஓடுற பொருள் தானா களைச்சு நின்னுடும்னு பல நூறு வருஷம் நம்பிட்டு இருந்தாங்க. கலிலியோதான் சாய்வுப் பலகைல பந்த உருட்டிப் பாத்தாரு, ஒரு பக்கம் இறங்குற பந்து எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு ஏறுது, எதிர்ப்பக்க சரிவ குறைக்க குறைக்க தூரமா போகுது, அப்ப சரிவே இல்லாம உராய்வும் இல்லாம இருந்தா நிக்கவே நிக்காதே! இத நியூட்டன் 1687ல முதல் விதியா வெச்சாரு. 1977ல கிளம்புன வாயேஜர் 1 விண்கலம் இன்னைக்கும் நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்துல போய்ட்டே இருக்கு, அத முன்னாடி தள்ள எந்த என்ஜினும் ஓடல, சூரியனோட ஈர்ப்பு மட்டும் லேசா பின்னால இழுக்குது. எனக்கு இத சொல்லும்போதெல்லாம் சிலிர்க்கும்.

நிறை அதிகமானா நிலைமம் அதிகம், அதான் காலி லாரிய விட லோடு ஏத்துன லாரிய நிறுத்துறது கஷ்டம், அந்தப் பகுதிய கட்டுரைல சரியா சொல்லிருந்தீங்க.

தயவுசெஞ்சு அடுத்த இதழ்ல அந்த ஒரு வரிக்கு மட்டும் திருத்தம் போடுங்க, கூடவே அந்த குழந்தை கணக்கையும் போட்டீங்கன்னா ரொம்ப நல்லாருக்கும்.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகர்