2023ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சீராக்கும் நம் சங்கத்தின் செயலவை இவ்வாண்டில் நான்கு முறை கூடியது. தீபாவளி விருந்து வழக்கம்போல் நடந்தேறியது. உதிரிப்பாகம் வாங்க ஜாலான் பசாருக்கு ஒருமுறை சென்றோம். எட்டுப் பேர் பெயர் கொடுத்து, மூவர் வந்தோம்.

ஜாலான் ஈப்போவில் வீட்டைக் காலி செய்த குடும்பத்தார் மார்ச்சில் நமக்கு அளித்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியின் செலவு குறித்துச் செயலவையில் கேள்வி எழுந்ததால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது. பெயர்த்தகடும் இல்லை, பின்மூடியும் இல்லை. மரப்பெட்டியின் தோற்றத்தைக் கொண்டு வயது சொல்வது சரிப்படாது என்பதால் உள்ளிருந்து பார்க்கத் தொடங்கினேன். படக்குழாயில் ஏ59-23டபிள்யூ என்ற ஒட்டுத்தாள் இருந்தது. 59 என்பது மூலைக்கு மூலை சென்டிமீட்டர் அளவு, அதாவது நாம் 23 அங்குலம் என்று சொல்லும் பெட்டி. வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்கள்) பிஎல்504, பிவை88, பிசிஎல்85. 'பி'யில் தொடங்கும் இவ்வகை வால்வுகளின் இழைகள் 300 மில்லிஆம்பியரில் ஒரே சரமாகக் கோக்கப்பட்டவை. ஒன்று அறுந்தால் எல்லாம் அணைந்துவிடும். அலைத்தேர்வியில் (டியூனர்) விஎச்எஃப் என்னும் தாழ்ந்த அலைவரிசை மட்டுமே. இவற்றைக் கொண்டு அறுபதுகளின் பிற்பகுதி அல்லது அதற்குச் சற்றுப் பின் எனப் பதிவேட்டில் குறித்துள்ளேன். தயாரித்த நிறுவனத்தை ஊகித்து எழுதச் சிலர் வற்புறுத்தியும் நான் இசையவில்லை.

ஜூலையில், நான் வராத ஒரு சனிக்கிழமை, யாரோ பெட்டியை நேரே பிளக்கில் செருகிவிட்டார்கள். பல்லாண்டு கிடந்த மின்தேக்கிகளுக்கு, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் வழியே சிறுகச் சிறுகத்தான் மின்சாரம் ஏற்ற வேண்டும் என்றும், அடித்தட்டிலேயே மின்சாரம் பாயக்கூடும் ஆதலால், பெட்டியை நேரடி மின்இணைப்பிலிருந்து விலக்கி வைக்கும் பிரிப்பு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கை வைக்கக் கூடாது என்றும் சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிராப்பர் மின்தடையின் ஒரு பகுதி கருகிப்போனது. நல்ல வேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் யாரென்று எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை.

கசிந்துபோன காகித மின்தேக்கிகள் பதினேழையும் மாற்றினேன். அடுத்த தொல்லை அலை. மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 31-10-2019 அன்றோடு முற்றாக நின்றுவிட்டதால், டிஜிட்டல் டிகோடரின் படத்தை விஎச்எஃப் அலையாக்கித் தரும் மாடுலேட்டர் தேவைப்பட்டது. மலிவாகக் கிடைத்தவையோ அதைவிட உயர்ந்த யூஎச்எஃப் அலைவரிசைக்கானவை. தேடிப் பிடித்த ஒன்றில் படம் வந்து ஒலி வரவில்லை. அதன் ஒலியலையை 6.5 மெகாஹெர்ட்சிலிருந்து 5.5க்கு மாற்றியதும் குரல் கேட்டது. ஆயினும் படத்தின் அடிப்பகுதி நசுங்கி, செய்தி வாசித்தவர் கழுத்தே இல்லாமல் தெரிந்தார். படத்தின் உயரத்தைக் கவனிக்கும் பிசிஎல்85ஐ ஒட்டிய உலர்ந்த மின்தேக்கி ஒன்றை மாற்றியபின் கழுத்து வந்தது. கேள்விக்குள்ளான 340 வெள்ளியில் (ரிங்கிட்) பெரும்பகுதி மாடுலேட்டருக்கே ஆனது.

ஜாலான் அம்பாங் துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்திலிருந்து இந்நாட்டின் தொலைக்காட்சி ஒளிபரப்பு 28-12-1963 அன்று தொடங்கியது. அதன் அறுபதாம் ஆண்டு நாளில் பெட்டியை முடுக்கிக் காட்ட ஏற்பாடு செய்தேன். வியாழக்கிழமை, வேலை நாள் என்பது உண்மைதான். ஆனால் இரவு எட்டு மணிக்கு வேலை எங்கே? வந்தவர் ஐவர், அவர்களில் ஒருவர் மண்டபக் காவலாளி.

சந்தாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொலைக்காட்சி உரிமத்துக்கு ஆண்டுக்கு 24 வெள்ளி கட்டியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நினைவில்தான் நம் சந்தாவையும் 24 வெள்ளியாக வைத்தோம். அன்று அதிகாரி வருவாரோ என்று அஞ்சிக் கட்டியவர்கள், இன்று செயலாளர் வந்தால் ஆள் வீட்டில் இல்லை என்று பேரனை விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். நாற்பத்திரண்டு பேரில் கட்டியவர் பத்தொன்பது பேர்.

கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரவு சென்ற ஆண்டைவிடக் குறைவு, செலவு ஏறத்தாழ அதேதான். இருப்பு சில மாத அறை வாடகைக்குப் போதும். தலைவருக்கும், செயலவையினருக்கும், பெட்டியை நன்கொடையளித்த குடும்பத்தாருக்கும், மண்டபக் காவலாளிக்கும் நன்றி.

அறையில் இன்னும் இரண்டு வால்வுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் திறக்கப்படாமல் உள்ளன. எனக்குக் கண்புரை அறுவை காத்திருக்கிறது. பொறுப்பை ஏற்க இளையவர் எவரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். எவரும் வராவிடில், சந்தா நிலுவை தீரும் என்ற உறுதியின் பேரில் இன்னும் ஓராண்டு நீடிப்பது பற்றி யோசிக்கலாம். அதுவரை அறைச் சாவியும் வேரியாக்கும் என் வீட்டில் இருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்
கோலாலம்பூர்